மேற்குச் சுவரின் ஈரம்

லா கார்சா பண்ணை வீட்டைப் பார்க்க வருகிறவர்களை டொமித்திலா ரெந்தேரியா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கையில் இருக்கும் சோடா, தண்ணீர்ப் பாட்டில், ஐஸ்கிரீம் எல்லாம் வெளியே பெஞ்சுக்குப் போன பிறகுதான் யாரும் உள்ளே கால் வைக்க முடியும்.

"இந்த வீடு நெருப்பப் பார்த்திருக்கு. பூகம்பம் ரெண்டு மூணு தடவ வந்து ஆட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு. இது பயப்படுறது தண்ணிக்கு மட்டும்தான். வெயில்ல காயவெச்ச மண்ணுக் கல்லு இது, சூளையில சுட்டது இல்ல. தண்ணி பட்டா மறுபடியும் சேறுதான்."

ஸ்பானிஷில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. முனகுகிற பிள்ளைகளின் கையிலிருந்து கோப்பையை அவளே வாங்கி வைப்பாள். பூங்காவில் ஆலிவ் மரங்களுக்கு அடியில் பிறந்தநாள் கொண்டாட வந்து, இறைச்சி வேகும்வரை பொழுது போகாமல் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள்தான் பாதிப் பேர். மீதிப் பேர் பதினைந்து வயது நிறைந்த பெண்ணுக்குக் குடைபோல விரிந்த கவுனை மாட்டிவிட்டு, நீண்ட தாழ்வாரத்தில் நிறுத்திப் படம் எடுக்க வருவார்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.

அந்த வீட்டை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். மாட்டுப் பண்ணையாக இருந்த நிலம் ஆரஞ்சுத் தோப்பாக மாறிய பிறகு அவள் அப்பா அங்கே பழம் பறிக்க வந்தவர். இப்போது கார்கள் நிற்கிற இடத்தில் ஏணி போட்டு ஏறியிருக்கிறார். பண்ணைக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். வீடு ஏணிகளும் மரப்பெட்டிகளும் போட்டுவைக்கிற கிடங்காகக் கிடந்தது. டொமித்திலாவும் தங்கை நியேவெஸும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் ஒளிந்து விளையாடினார்கள். பிறகு தோப்பும் போனது. சுற்றிலும் வீடுகள் வந்தன. வீட்டையும் வறண்ட ஓடையையும் கொஞ்சம் புல்வெளியையும் மட்டும் ஊர் வாங்கிப் பூங்கா ஆக்கியது.

டொமித்திலா பழம் கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தாள், அதை மூடிய பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில். புருஷன் அன்செல்மோ போய்ச் சேர்ந்தான். மகன் ரூபென் வடக்கே வேலைக்குப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், பண்ணை வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். சனி, ஞாயிறு திறக்க வேண்டும், பெருக்க வேண்டும், வருகிறவர்களைச் சுற்றிக் காட்ட வேண்டும். சாவி இரும்பில் செய்தது, உள்ளங்கையைவிட நீளம். கைப்பைக்குள் அடங்காமல் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்குப் போகும்போதும் அவள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை.

நியேவெஸ் சம்பளம் இல்லாமல் கூடவே வந்தாள். சமையலறையில் விறகடுப்பு மூட்டி, வருகிறவர்கள் பார்க்கச் சோள ரொட்டி தட்டிச் சுட்டுக் கொடுப்பாள். சுடும்போதே எல்லாரையும் கிண்டல் செய்வாள். மேற்கு அறையின் ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு ரோஜாவை நட்டதும் அவள்தான். பண்ணைக் காலத்து நாட்டு ரோஜா. மெல்லிய இளஞ்சிவப்பு, வாசனை மட்டும் தெரு முனை வரைக்கும் வரும்.

பிறகு நியேவெஸுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், அதுவும் சின்னக் கோப்பையில். கடைசி மாதங்களில் நியேவெஸ் கேட்டதெல்லாம் தண்ணீர்தான். "அக்கா, ஒரு ஐஸ் துண்டு. நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேன்." டாக்டர் சொன்னபடி டொமித்திலா கொடுக்கவில்லை. நியேவெஸ் திட்டினாள், அழுதாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அப்படியே போனாள்.

அதற்கு அடுத்த வருஷம், மண் வீடுகளைப் பற்றித் தெரிந்த ஒருவர் வந்து லா கார்சாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். சுவர் ஓரத்தில் செடியே இருக்கக் கூடாது, தண்ணீர்க் குழாய் இருக்கக் கூடாது என்றார். குழாய்களைத் தோண்டி எடுத்தார்கள். லாவெண்டர் போனது, கற்றாழை போனது. ரோஜாவுக்கு மண்வெட்டி வந்தபோது டொமித்திலா குறுக்கே நின்றாள்.

"இது நாட்டுச் செடி. இதுக்கு யாரும் தண்ணி ஊத்த வேண்டாம். தானா இருந்துக்கும்."

பூங்காக் குழுவின் தலைவி ஜூடித் லோவெல் தயங்கினாள். அப்போது டொமித்திலாவுக்காகப் பேசியது பாஸ்குவால் ஓர்னெலாஸ். அந்த வீட்டுக்கு மண் பூசுகிறவன் அவன்தான். ரூபெனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஞானத்தந்தையாகக் குழந்தையைக் கையில் ஏந்தியவனும் அவன்தான். அன்றிலிருந்து அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. சிறு வயதில் வாடா போடி என்று ஓடி விளையாடியவர்கள், அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்த உறவுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

"செடி இருக்கட்டும்மா," என்றான் பாஸ்குவால் ஜூடித்திடம். "ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்னு கொமாத்ரே வாக்குக் குடுக்கட்டும். அவங்க சொன்னா சொன்னதுதான். அதுக்கு நான் பொறுப்பு."

டொமித்திலா வாக்குக் கொடுத்தாள். மனதாரத்தான் கொடுத்தாள்.

அந்த வருஷம் மழை பேருக்குத்தான் பெய்தது. ஜூன் மாதமே ஆகஸ்ட் மாதிரி காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஜன்னலைச் சாத்தப் போன டொமித்திலா ரோஜாவைப் பார்த்தாள். இலைகள் சுருண்டு, கிளை நுனிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அவள் கையில் சோள மாவு பிசைந்த பாத்திரம் கழுவிய தண்ணீர் இருந்தது. எப்படியும் கீழே கொட்டப் போகிற தண்ணீர்தான். ஜன்னல் வழியாகச் சாய்த்தாள்.

அடுத்த வாரம் செடி தலை நிமிர்ந்து நின்றது.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பாத்திரத் தண்ணீர் வாளித் தண்ணீராக ஆனது. தரையில் ஈரம் தெரிந்தால் யாராவது கேட்பார்கள் என்று, வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பால் கேனைக் கொண்டுவந்து அடியில் ஊசியால் ஓட்டை போட்டு வேருக்குப் பக்கத்தில் புதைத்தாள். வாயை வைக்கோலால் மூடினாள். சனிக்கிழமை காலை, கதவு திறக்கும் முன்பே, கேனை நிரப்பிவிடுவாள். அப்புறம் வாசலில் போய் நின்றுகொண்டு, இந்த வீடு பயப்படுறது தண்ணிக்கு மட்டும்தான் என்று சொல்வாள். சொல்லும்போது முகம் சுடும். வெயில் என்று நினைத்துக்கொள்வாள். சேசுவே, இந்த வாரம் கடைசி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அடுத்த சனிக்கிழமையும் கேன் நிரம்பும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், சமையலறையில் அவள் ஒரு குடும்பத்துக்கு அடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மேற்குச் சுவரின் வெளிப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, மாட்டுத்தோல் அகலத்துக்குப் பூச்சு சரிந்து கிடந்தது. உள்ளே இருந்த மண்கற்கள் கர்ப்பிணியின் வயிறுபோல வெளியே தள்ளியிருந்தன. அவள் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் அவள் செய்த முதல் காரியம், மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் கேனைப் பிடுங்கி எடுத்ததுதான். குழியைக் காலால் மூடினாள், வைக்கோலைப் பரப்பினாள், கேனை நசுக்கித் தன் கார் டிக்கியில் போட்டாள். அதற்குப் பிறகுதான் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஜூடித்துக்கும் பாஸ்குவாலுக்கும் போன் செய்தாள்.

பாஸ்குவால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வந்திருந்தான். மீசையில் சாறு ஒட்டியிருந்தது. சுவர் முன் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். மண் பாம்புபோல நீண்டது, உடையவில்லை.

"இது நல்லாக் குடிச்சிருக்கு," என்றான். "மழை பெஞ்சு எத்தன மாசமாச்சு? எங்கிருந்து வந்துச்சு இவ்ளோ தண்ணி?"

கூரைக்கு ஏறிப் பார்த்தான். பழைய குழாய் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தரையில் கம்பியால் குத்திப் பார்த்தான். ஜூடித் ரோஜாவைக் காட்டினாள்.

"பாஸ்குவால், இது ஒருவேளை—"

"அந்தப் பேச்சே வேண்டாம்மா. கொமாத்ரே வாக்குக் குடுத்திருக்காங்க." அவன் டொமித்திலா பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீங்க தலைகீழாப் பாக்கறீங்க. ஊரே காய்ஞ்சு கெடக்கு, இது மட்டும் எப்படிப் பச்சையா நிக்குது? சுவத்துக்குள்ள இருக்கற ஈரத்த வேர் உறிஞ்சுது. சுவரு இதுக்குத் தண்ணி குடுத்திருக்கு."

டொமித்திலா வாயைத் திறந்தாள். காய்ந்த உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன. ஜூடித் அவள் தோளைத் தட்டி, "பயந்துட்டியா டோமி?" என்றாள். அவள் தலையாட்டினாள்.

பாஸ்குவால் மறுபடியும் சுவர் முன் குந்தி, சரிந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். போன வருஷம் பூசும்போது, மண்ணும் வைக்கோலும் குழைக்கிற தண்ணீரில் சப்பாத்திக் கள்ளியை ஊறவைத்த சாற்றை வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்த்தானாம். பூச்சு மழைக்கு நன்றாகத் தாங்கட்டும் என்று. "தாங்கிடுச்சு போல. வெளிய இருந்து தண்ணி உள்ள வரல, உள்ள இருந்தது வெளிய போகவும் வழியில்ல. மூச்சு முட்டிச் செத்திருக்கு. நான்தாம்மா கொன்னேன்."

"யாரும் அப்படிச் சொல்லல, பாஸ்குவால்."

"நான் சொல்றேன்ல." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "வேற ஆளப் பாருங்க. இனிமே இந்தச் சுவத்துல நான் கை வெக்க மாட்டேன்."

மேற்கு அறையைப் பூட்டினார்கள். சுவருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துக் கயிறு கட்டினார்கள். டொமித்திலா வழக்கம்போல வந்து கதவைத் திறந்தாள். கேனை எடுத்தாகிவிட்டது, இனி ஊற்றவும் போவதில்லை, சுவர் காய்ந்துவிடும், யாராவது வந்து பூசிவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீரைப் பற்றிய அந்தப் பேச்சை மட்டும் வாசலில் சொல்ல முடியவில்லை. "பாட்டிலை வெளிய வைங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், "சட்டம்," என்பாள்.

ஒரு நாள் அவள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பாஸ்குவாலின் மனைவி செலோ வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கொமாத்ரே, என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு."

"ஏன், என்ன ஆச்சு?"

"கொல்லையில வந்து பாருங்க. சின்னப் புள்ளைங்க மாதிரி மண்ணுல அப்பம் தட்டி வெச்சிருக்காரு. இது கள்ளிச் சாறு போட்டது, இது போடாதது, இது பாதி போட்டதுன்னு. பூவாளியால தண்ணி ஊத்திட்டு எது கரையுதுன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டா, இரு இருங்கறாரு. நான் சுட்ட ரொட்டிய ஒரு நாளாவது இப்படி உத்துப் பார்த்திருக்காரா அந்த மனுஷன்?" சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கியது. "கல்லறைத் தோட்டத்துச் சேப்பல் பூச்சு வேலைக்குப் பாதர் வந்து கேட்டாரு. வருஷா வருஷம் இவருதான் பூசுவாரு. முடியாதுன்னுட்டாரு. என் கை போச்சு பாதர், வேற கையாப் பாருங்கன்னு. பாதர் போன பொறவு பூசற கரணையெல்லாம் சாக்குல சுத்திப் பரண்ல போட்டுட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்த வந்து சொல்லுங்களேன்."

டொமித்திலா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது நழுவி விழுந்தது. மறுபடியும் எடுத்துச் சாய்த்தாள்.

"வர்றேன்," என்றாள்.

பாஸ்குவாலின் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் மண் அப்பங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் குச்சியால் கீறிய அடையாளம். அவன் பூவாளியும் கையுமாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க கொமாத்ரே. செலோ அனுப்பினாளா? உக்காருங்க, காப்பி—"

"ரோஜாவுக்கு நான் தண்ணி ஊத்தினேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எந்த ரோஜாவுக்கு?"

"நியேவெஸ் நட்டதுக்கு. ஜூன்ல இருந்து."

"எவ்ளோ?"

"மொதல்ல பாத்திரம் கழுவின தண்ணி. அப்புறம் வாளி. அப்புறம் பால் கேன்ல ஓட்ட போட்டுப் பொதச்சு வெச்சேன்."

"கேன நான் பாக்கலையே."

"உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

பாஸ்குவால் பூவாளியைக் கவிழ்த்தான். மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் தரையில் போனது. அது மண்ணுக்குள் இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதுங்களுக்கு நான் தண்ணி ஊத்தி ஊத்திப் பாக்கறேன்," என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கள்ளி போட்டது கரையல, போடாதது கொஞ்சம் கரையுது. ஆனா ரெண்டும் ஒழுங்காத்தான் காயுது. அப்ப எனக்குப் பாக்கவே தெரியலன்னு நெனச்சேன். கையோட சேத்துக் கண்ணும் போச்சுன்னு நெனச்சேன். என் அப்பாவுக்குக் கடைசியில புத்தி பெசகிச்சே, அது எனக்கும் வந்துடுச்சோன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. செலோகிட்டக்கூடச் சொல்லல."

"கொம்பாத்ரே, நியேவெஸ் கடைசியில தண்ணி கேட்டா. நான் ஒரு ஐஸ் துண்டுகூட—"

"தெரியும். நானும்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்." அவன் எழுந்தான். "செடிக்கு ஊத்தினீங்களே, அது நியேவெஸுக்காக. சரி. கேன எடுத்து ஒளிச்சீங்களே, அது யாருக்காக? என்னை அங்க குந்த வெச்சுட்டுப் பக்கத்துலயே நின்னீங்களே, அது யாருக்காக? நியேவெஸ் மேல போடாதீங்க. அவ பாவம்."

டொமித்திலா கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சாவியை உள்ளே தள்ளப் பார்த்தாள்.

"போங்க," என்றான். "சொல்ல வேண்டியவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, மிசஸ் ரெந்தேரியா."

ரூபென் பிறந்த காலத்திலிருந்து அவன் அவளைக் கொமாத்ரே என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அடிவாங்கியவள்போல அவள் வெளியே வந்தாள்.

நேரே ஜூடித் வீட்டுக்குத்தான் போனாள். ஜூடித் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். டொமித்திலா அங்கே சமைத்த காலத்திலிருந்து பழக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த டொமித்திலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டோமி, இங்க பாரு. தங்கச்சிய பறிகொடுத்தவ நீ. துக்கத்துல செஞ்சுட்ட. இத யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்."

"பாஸ்குவால்?"

"பாஸ்குவால யாரு என்ன சொன்னா? ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. அவரே வெலகிக்கிட்டாரு. சுவருக்கு வயசாச்சு, அவ்ளோதான். நான் அப்படித்தான் சொல்லப்போறேன். இது வெளிய தெரிஞ்சா, சாவிய உங்கிட்டயிருந்து வாங்கச் சொல்லுவாங்க. உன்ன விட்டா அந்த வீட்டுக்கு யாரு இருக்கா? மண் மிதிக்கிற நாள் வருது, வந்து சேத்த மிதி. எல்லாம் சரியாயிடும்."

அந்த அன்பு பொய் இல்லை. டொமித்திலாவுக்கு அது தெரிந்தது. தெரிந்ததாலேயே திரும்பி வரும் வழியில் அழுகை வந்தது. அன்றிலிருந்து அவள் நடமாட்டம் முழுவதும் கனமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் பாஸ்குவால் எல்லாருக்கும் கொடுத்ததுபோல அவளுக்கும் கை கொடுத்தான். பார்வை மட்டும் அவளைத் தாண்டி மெழுகுவர்த்திமேல் இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை லா கார்சாவில் ஊர் கூடி மண் மிதிப்பார்கள். முற்றத்தில் மண்ணைக் கொட்டி, வைக்கோல் தூவித் தண்ணீர் விட்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் இறங்குவார்கள். ஒரு பக்கம் காப்பி, சோள மாவை இலையில் கட்டி அவித்த தமாலே. இந்த வருஷம் பூசுவதற்கு ஆள் இல்லை. மிதித்து மூடிவைப்போம், மண் புளிக்கட்டும், ஆளைப் பிறகு பார்க்கலாம் என்றாள் ஜூடித். மேற்குச் சுவரைக் காட்டி, அவ்வளவு பழைய சுவர், வயதாகிவிட்டது, நம்மைப் போலத்தான் என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"வயசெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றான் லென்ச்சோ, லாரி ஓட்டுகிறவன். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தான். "பாஸ்குவால் அதுக்குக் கள்ளிக் கஷாயம் குடுத்தாரு. சுவத்துக்கு வயித்தால போயிடுச்சு."

முற்றமே சிரித்தது. "அவருக்கும் வயசாச்சுல்ல," என்றாள் ஒருத்தி. "அளவு தெரியல பாவம்." "சேப்பலுக்கும் அவரக் கூப்பிடாதீங்கப்பா, மாதாவுக்கு வயித்தால போகப்போகுது!" மறுபடியும் சிரிப்பு. யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. செலோ தமாலே அண்டாவுக்குப் பின்னால் நின்று, மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

டொமித்திலா சேற்றுக்குள் நின்றிருந்தாள். கணுக்கால் வரை குளிர்ந்தது. ஜூடித் அவளையே பார்ப்பது தெரிந்தது. வேண்டாம் என்கிற பார்வை.

"பாஸ்குவால் பூச்சுல ஒரு குத்தமும் இல்ல," என்றாள். கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். லென்ச்சோ திரும்பினான்.

"சுவரக் கரைச்சது நான். ரோஜாவுக்கு ஜூன் மாசத்துல இருந்து தண்ணி ஊத்தினேன், திருட்டுத்தனமா. இடிஞ்ச அன்னைக்குக் கேன எடுத்து ஒளிச்சேன். அந்த மனுஷன் தன் மேல பழியப் போட்டுக்கிட்டாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

சேற்றில் மிதித்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. பிறகு ஒரு அம்மாள் உரக்கச் சொன்னாள்: "அடி ஆத்தே! என் பேத்தி கையில இருந்த ஐஸ்கிரீம புடுங்கி வெளிய வெச்ச மகராசி நீதானே!"

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக வந்தது. டொமித்திலா அது முடியும் வரை நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. லென்ச்சோ மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிச் சேற்றுக் கையாலேயே தலையைத் தடவினான். "நான் என்னத்த ஒளறி வெச்சேன்," என்றான் மெதுவாக. பிறகு செலோ பக்கம் நடந்தான்.

டொமித்திலா கால் கழுவாமலேயே போய்க் காப்பி மேஜைமேல் சாவியை வைத்தாள். ஜூடித் அதை எடுக்கவில்லை. எல்லாரும் போகும் நேரத்தில் பார்த்தபோது மேஜை காலியாக இருந்தது.

ரோஜாவை லென்ச்சோவும் டொமித்திலாவும் சேர்ந்துதான் தோண்டினார்கள். வேர்கள் சுவருக்குள் தலைமுடி போலப் புகுந்திருந்தன. இழுக்க இழுக்க மண்ணும் கூடவே வந்தது. ஒரு சாண் விட்டுக் கிளைகளை வெட்டி, செடியை ஓடைக்கரையில் நட்டார்கள். நடுகிற காலம் அது இல்லை. பிழைக்குமா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பாஸ்குவால் மறுநாள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. சேப்பலுக்குப் போய்ப் பூசிக் கொடுத்தான் என்று செலோ சொல்லித் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், கூப்பிடாமலேயே லா கார்சாவுக்கு வந்து, கெட்டுப்போன கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கல் வைக்க ஆரம்பித்தானாம்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டொமித்திலா லா கார்சாவைப் பார்க்கப் போனாள். எல்லாரையும்போலக் கார் நிறுத்துகிற இடத்திலிருந்து நடந்து, கதவு திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து. வாசலில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவளுக்கு டொமித்திலாவைத் தெரியாது, கையில் வழிகாட்டித் தாளைக் கொடுத்தாள். டொமித்திலா உள்ளே போகவில்லை. வெளியே சுற்றி மேற்குப் பக்கம் வந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

பாஸ்குவால் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தான். கீழிருந்து மேலாக ஒரே வீச்சு, பிறகு உள்ளங்கையால் ஒரு அழுத்தல். ஜன்னல் வரைக்கும் பூச்சு ஏறியிருந்தது. ஈர மண்ணும் வைக்கோலும் மணத்தன. அவளைப் பார்த்துவிட்டான் என்பது அவன் தோள் ஒரு கணம் நின்றதில் தெரிந்தது. திரும்பவில்லை.

தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் கேட்டார்: "ஐயா, இந்தச் சுவர் மட்டும் எப்படிக் கெட்டுப்போச்சு?"

"தண்ணி."

"மழையா?"

பாஸ்குவால் கரணையில் மண்ணை அள்ளினான், பூசினான், தேய்த்தான். அவர் கேள்வியை மறந்துவிட்டு நகர இருந்தார். அப்போது பாஸ்குவால் கரணையாலேயே பின்னால் காட்டினான்.

"அதோ, கடைசியில நிக்கறாங்களே, அவங்களக் கேளுங்க. என்னைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டித் தாள் டொமித்திலாவின் கையில் கசங்கியது. போய்விடலாம். அவளைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை, சாவிகூட இல்லை. குழந்தை அவளைப் பார்த்து விரலைச் சப்பியது.

"இங்க ஒரு ரோஜாச் செடி இருந்துச்சு," என்று ஆரம்பித்தாள். "அதுக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்னு நான் வாக்குக் குடுத்திருந்தேன்."

"சத்தமாச் சொல்லுங்க," என்றான் பாஸ்குவால், சுவரைப் பார்த்தபடியே. "முன்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவள் கயிற்றருகே வந்து சத்தமாகச் சொன்னாள்.